இறக்கத்தில் டீசல் பிக்கப்: கியர் போதுமா, எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டுமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு ஐசன்ஹோவர் சுரங்கம் தெரிந்திருக்கும். அந்தச் சாலை 11,158 அடி உயரத்தைத் தொடுவது அதற்குள்தான். வெளியே வந்ததும் சில்வர்தார்ன் ஊர் வரை ஏறக்குறைய 8 மைலுக்கு ஒரே இறக்கம், சில இடங்களில் 7 சதவீதச் சரிவு. மொத்தம் 2,000 அடிக்கு மேல் கீழே வருகிறோம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் கொட்டிய தப்பிக்கும் பாதைகள் அந்த இறக்கத்தில் இரண்டு இருக்கின்றன.

டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்த மாதிரி இறக்கங்களைப் பற்றித்தான். "பழைய 12 வால்வு கம்மின்ஸ் வண்டி வைத்திருக்கிறேன், எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டலாமா?" என்கிறார் ஒருவர். (எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகை போகும் வழியை அடைத்து, எஞ்சினை வைத்தே வண்டியைப் பிடிக்கும் ஏற்பாடு. ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும்.) "கம்பெனியிலேயே அந்தப் பொத்தான் வரும் வண்டிக்கு மாறிவிடலாமா?" என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "கியரைக் குறைத்து இறங்கினால் போதாதா, எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்கிறார். மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அது உங்கள் வண்டியையும் நீங்கள் இழுக்கும் எடையையும் பொறுத்தது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் எடை. வண்டி, டிரெய்லர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 9,000 கிலோ என்று வையுங்கள். பெரிய டீசல் பிக்கப்புக்கு இது அசாதாரணமான எடை இல்லை. அந்த எடை சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் வரை இறங்கும்போது வெளியேறும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், 170 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு வருகிறது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதையும் யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். ஒன்று பிரேக் டிஸ்க் வாங்கும், இல்லையென்றால் எஞ்சின் வாங்கும்.

டிஸ்க் வாங்கினால் என்ன ஆகும்? பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். அதைத் தாண்டினால் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்து ஆவி சேர்ந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. டிரெய்லர் இழுக்க ஆரம்பித்த முதல் வருடம், ஒரு பட்டறையில் டிரெய்லர் பிரேக் ஒயரைச் சரியாகச் சேர்க்காமல் அனுப்பிவிட்டார்கள். நானும் சோதித்துப் பார்க்காமல் மலை ஏறினேன். இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. நல்லவேளையாக ஓரத்தில் நிறுத்த இடம் இருந்தது. வீட்டுக்காரியும் குழந்தைகளும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

இரண்டாவது, கியர்பாக்ஸ். கை கியரா, பழைய ஆட்டோமேடிக்கா, புது ஆட்டோமேடிக்கா? பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். என் கணக்கில் எடைக்கு அடுத்து இதுதான். மூன்றாவது, எஞ்சினின் வயதும் டர்போவின் (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பாகத்தின்) வகையும். நான்காவது, நீங்கள் ஓட்டும் சாலையில் பனியும் உறைபனியும் எவ்வளவு நாள் கிடக்கும் என்பது. விலையை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் கடையில் சொல்லும் விலை முழு விலை இல்லை.

## டீசலுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை

பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வரும் வழியை ஒரு தகடு மூடிவிடும். எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியைப் பிடிக்கும். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்த அப்படி மூடும் வழக்கம் இல்லை. காற்று தாராளமாக உள்ளே வரும். பிஸ்டன் அதை அமுக்கும், அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுப்பதால் டீசல் எஞ்சினின் சொந்தப் பிடி குறைவு.

எக்ஸாஸ்ட் பிரேக் புகை போகும் வழியை அடைக்கிறது. வெளியே தள்ள வேண்டிய காற்று போக முடியாமல் நெருக்க, அதை எதிர்த்துத் தள்ளுவதற்கு பிஸ்டன் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புதான் வண்டியைப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சினுக்கு டீசல் போகாது.

பெரிய லாரிகள் இறக்கத்தில் தடதடவென்று சத்தம் போடுமே, அது வேறு சமாச்சாரம். அங்கே காற்று அமுங்கி முடிந்த நொடியில் வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிடுகிறார்கள், திருப்பித் தள்ள எதுவும் மிஞ்சாது. அதைக் கண்டுபிடித்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், கம்மின்ஸ் எஞ்சினுக்குப் பெயர் கொடுத்தவரேதான். 1931ல் டீசல் லாரி ஒன்றில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கியபோது பிரேக் கைவிட்டுவிட்டது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். அந்தப் பயம் அவரை விடவில்லை. துளையிடும் கருவிக்கான பாகங்கள் செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961ல் அவருடைய பிரேக்கைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. 'ஜேக் பிரேக்' என்ற பெயர் அப்படி வந்தது. ராம், ஃபோர்டு, ஜி.எம். மூவருடைய பிக்கப்களிலும் அது கம்பெனியிலிருந்து வருவதில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

## முதல் வழி: கியரும் கால் பிரேக்கும் மட்டும்

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும். கியரை இறக்கத்துக்குள் போன பிறகு குறைக்கக் கூடாது, உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் லாரி உரிமத்துக்குப் படிப்பவர்களுக்குக் கற்றுத்தரும் முறை எளிது. பாதுகாப்பான வேகம் 40 மைல் என்று தீர்மானித்தால், 40ஐத் தொட்டதும் பிரேக்கை நன்றாக அழுத்தி 35க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும். திரும்ப 40 வந்ததும் மறுபடி அதே மாதிரி. லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் டிஸ்க்கை வேகவைக்கிறது.

இந்த வழிக்கு ஒரு பைசா செலவில்லை என்று தோன்றும். ஆனால் பேட், டிஸ்க், டிரெய்லரின் டிரம் ஷூ எல்லாம் சீக்கிரம் தேயும். பிரேக் ஆயிலை ஒழுங்காக மாற்றியே ஆக வேண்டும். உங்கள் கவனம் முழுவதும் பெடலிலேயே இருக்கும், அந்தக் களைப்பும் ஒரு செலவுதான்.

யாருக்குப் போதும்? சமவெளியில் ஓட்டுபவருக்கு. டெக்சாஸிலோ கேன்சஸிலோ படகு இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர் எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகக் கூடுதலாக ஒரு டாலர் கொடுக்க வேண்டியதில்லை. டிரெய்லர் 2,000 கிலோவுக்குள் இருந்து, வருடத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் மலை ஏறுபவருக்கும் இது சரி. 2001 முதல் ஜி.எம். பிக்கப்பில் டுராமேக்ஸ் டீசல் எஞ்சினோடு வந்த அலிசன் ஆட்டோமேடிக்கில், டிரெய்லர் இழுக்கும் முறைக்கு மாற்றினால் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் அதுவே கியரைக் குறைத்துப் பிடிக்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு இன்றுவரை வேறு எதுவும் தேவைப்படவில்லை.

## இரண்டாவது வழி: கம்பெனியிலேயே வரும் எக்ஸாஸ்ட் பிரேக்

2007ன் நடுவில் ராமில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின்தான் பிக்கப் உலகில் இதைப் பரவலாக்கியது. அதன் டர்போவில் புகை நுழையும் வழியைச் சுருக்கி விரிக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஓடும்போது அழுத்தத்துக்காகச் சுருங்கும் அதே வழி, காலை எடுத்ததும் இன்னும் இறுக்கமாகச் சுருங்கி பிரேக் ஆகிவிடுகிறது. தனியாக ஒரு பாகமும் வேண்டாம். 2011 டுராமேக்ஸில் ஜி.எம். இதைக் கொடுத்தது. ஃபோர்டும் 6.7 பவர்ஸ்ட்ரோக்கில் இதே வழிக்கு வந்தது.

இதன் பெரிய பலம், கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கணினியின் பேச்சைக் கேட்பது. காலை எடுத்தாலும் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டியபடியே இருக்கும். தேவைப்பட்டால் கியர் தானாகக் குறைந்து எஞ்சின் சுற்று ஏறும். சுற்று ஏறினால்தான் பிடியும் ஏறும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே எந்த எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. 'பொத்தானை அழுத்தினேன், பிடிக்கவே இல்லை' என்பவர்களில் பலர் உயர் கியரில் குறைந்த சுற்றில் இறங்குகிறவர்கள். டிரெய்லர் முறையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

பொத்தானில் இரண்டு நிலைகள். 2013க்குப் பிந்தைய ராமில் மஞ்சள் விளக்கு என்றால் முழுப் பிடி, காலை எடுத்த உடனே வேலை செய்யும். பச்சை என்றால் தானியங்கி, இறக்கத்தில் வேகம் கூடாமல் பார்த்துக்கொள்ளும். கனமான டிரெய்லரோடு செங்குத்தாக இறங்கும்போது முழுப் பிடி நல்லது. ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் சாலையில் முழுப் பிடியை வைத்தால் ஒவ்வொரு முறை காலைத் தளர்த்தும்போதும் வண்டி குலுங்கும். அங்கே தானியங்கிதான் சுகம். நான் பெரும்பாலும் பச்சையில்தான் ஓட்டுகிறேன்.

குளிர்காலத்தில் இதற்கு இன்னொரு உபயோகம் உண்டு. ராமில் வண்டி நிற்கும்போது இதைப் போட்டு வைத்தால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். வண்டியோடு வரும் கையேடே இதைச் சொல்கிறது. காலையில் உள்ளே ஹீட்டர் வேலை செய்யக் காத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு டர்போவில் இருக்கிறது. அந்தச் சுருங்கும் பாகத்தில் கரி படிந்து இறுகலாம். அதிகமாகச் சும்மா ஓடவிடப்பட்ட வண்டிகளிலும், குறுகிய தூரம் மட்டுமே ஓடியவற்றிலும் இது கூடுதல். டர்போவை மாற்ற நேர்ந்தால் பல ஆயிரம் டாலர். இதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் மருந்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டே ஓட்டுவது. டிரெய்லர் இல்லாத நாளிலும் போட்டு வைத்தால் அந்தப் பாகம் முழு நீளத்துக்கு அசைந்துகொண்டே இருக்கும், கரி தங்காது. தேய்ந்துவிடுமோ என்று பயந்து பொத்தானைத் தொடாமல் வைத்திருப்பது தப்பான சிக்கனம்.

## மூன்றாவது வழி: பழைய வண்டியில் வெளியிலிருந்து வாங்கி மாட்டுவது

பேக்பிரேக், பி.டி. டீசல், பேங்க்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கான கிட் செய்கின்றன. டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயில் ஒரு வட்டத் தகடு. காற்றழுத்தத்தாலோ வெற்றிடத்தாலோ அது திரும்பிக் குழாயை அடைக்கும். அமைப்பு எளிமையானது, ஆனால் எந்த வண்டியில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கை கியர் உள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்றால் தயங்காமல் மாட்டுங்கள் என்பேன். கிளட்ச் எஞ்சினையும் சக்கரத்தையும் நேராகப் பிணைத்திருக்கிறது, நடுவில் நழுவ எதுவும் இல்லை. எந்த கியர் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: 1998 நடுப்பகுதி வரை வந்த 12 வால்வு எஞ்சின் என்றால், எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகளை முதலில் மாற்ற வேண்டும். குழாயில் அடைபடும் அழுத்தம் வால்வைத் தானாகத் திறக்கப் பார்க்கும். பழைய ஸ்பிரிங்கால் அதைத் தாங்க முடியாது. கடைக்காரர்கள் '60 பவுண்டு ஸ்பிரிங்' என்று சொல்வது இதற்கானதுதான். அதற்குப் பிறகு வந்த 24 வால்வு எஞ்சினுக்கு இந்தக் கவலை இல்லை.

அதே வயதுள்ள டாட்ஜ் (ராமுக்கு அப்போது அந்தப் பெயர்தான்) ஆட்டோமேடிக் என்றால் கதையே வேறு. காலை எடுத்ததும் அதன் டார்க் கன்வர்ட்டர் பூட்டு விட்டுவிடும். எஞ்சின் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நடுவில் ஆயில்தான் சுழலும், சக்கரத்துக்குப் பிடி வந்து சேராது. பூட்டைப் பிடித்து வைக்கத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். பூட்டி வைத்தாலும் காலை எடுத்த நிலையில் உள்ளே ஆயில் அழுத்தம் குறைவாக இருப்பதால் பூட்டும் தட்டு நழுவித் தேயும். ஆகவே வால்வு பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் போக்கைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேலை, நல்ல கன்வர்ட்டர் என்று ஒவ்வொன்றாக வரும். ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் என்று ஆரம்பித்த திட்டம் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துச் செய்வதில் போய் நிற்கும். இந்த நிலையில் இருப்பவர் கிட்டை வாங்கும் முன், அந்தப் பணத்தைச் சேர்த்து வண்டியை மாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது.

ஃபோர்டின் பழைய 7.3 லிட்டர் எஞ்சினில் குளிரில் சூடேற்ற ஒரு புகைத்தடை வால்வு உண்டு. அதையே பிரேக்காக மாற்றித் தரும் சாதனங்கள் வந்தன. பிடி லேசாக இருக்கும். இருப்பதை வைத்துச் சமாளிக்க நினைப்பவருக்கு ஆகும், கனமான டிரெய்லருக்கு நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே கம்பெனி எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள 6.7 ராமில் வெளியிலிருந்து இன்னொன்று மாட்டக் கூடாது. எஞ்சினே கெடலாம் என்று ராம் கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | கியர், கால் பிரேக் மட்டும் | கம்பெனி எக்ஸாஸ்ட் பிரேக் | வெளியிலிருந்து மாட்டுவது |
|---|---|---|---|
| நீண்ட இறக்கத்தில் பிடி | குறைவு, டிஸ்க் சூடாகும் | நல்ல பிடி, கியர் தானாகக் குறையும் | கை கியரில் மிக நல்ல பிடி. பழைய ஆட்டோமேடிக்கில் கூடுதல் வேலை செய்தால்தான் |
| ஆரம்பச் செலவு | இல்லை | வண்டி விலையில் அடக்கம் | கிட், மாட்டும் கூலி |
| மறைந்த செலவு | பேட், டிஸ்க், ஆயில் | கரி பிடித்தால் டர்போ | வால்வு ஸ்பிரிங், கன்வர்ட்டர், வால்வு பாடி |
| பொருத்தமானவர் | சமவெளி, இலகுவான டிரெய்லர் | அடிக்கடி மலை, கனமான டிரெய்லர் | கை கியர் 5.9 கம்மின்ஸ் வைத்திருப்பவர் |

## பனியில் எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை

எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது எஞ்சின் சுழற்றும் சக்கரங்களை மட்டும். இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் பின்சக்கரங்கள் மட்டும். காலியான பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாமல் இருக்கும். உறைபனியில் காலை எடுத்த நொடி முழுப் பிடி விழுந்தால் பின்சக்கரம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பிவிடும். சாலை பளபளத்தால் பொத்தானை அணைத்துவிடுங்கள். இந்த ஓர் இடத்தில் முதல் வழிதான் மற்ற இரண்டையும்விடப் பாதுகாப்பு.

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

டிரெய்லர் 3,000 கிலோவைத் தாண்டுகிறது, மாதம் ஒருமுறையாவது மலை இறங்குகிறீர்கள் என்றால் கம்பெனி எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியே என் தேர்வு. கை கியர்தான் வேண்டும் என்பவர் கொஞ்சம் தேட வேண்டும். அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப்பில் கடைசியாகக் கை கியர் கொடுத்தது ராம், அதுவும் 2018 மாடலோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசி வருடங்களின் கை கியர் ராம் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கும்போது ஓட்டிப் பார்த்துச் சோதியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத ஒரு சரிவுக்குப் போய், டிரெய்லர் முறையைப் போட்டு, பொத்தானை அழுத்தி, சுற்று 2,500 அளவில் இருக்கும்போது காலை முழுவதும் எடுங்கள். புகை நெருக்கும் சீறல் கேட்க வேண்டும், சீட் பெல்ட்டில் உடம்பு முன்னே சாய்வது தெரிய வேண்டும். சத்தமும் இழுப்பும் இல்லாமல் வண்டி உருண்டால், அல்லது எஞ்சின் விளக்கு எரிந்தால், டர்போ கணக்கைச் சேர்த்து விலை பேசுங்கள். புகை வடிகட்டியைக் கழற்றிவிட்ட வண்டியா என்றும் குனிந்து பாருங்கள். அது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம். அப்படி மாற்றிய வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் பழையபடி வேலை செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் டிரெய்லருக்கு அதன் சொந்த பிரேக் வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் பிக்கப்பைத்தான் பிடிக்கிறது, பின்னால் இருப்பது தள்ளிக்கொண்டேதான் வரும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல், கலிபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள டிரெய்லர் என்றால் 1,500 பவுண்டிலிருந்தே, டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். கிளம்பும்போது காலி இடத்தில் 20 மைல் வேகத்தில் ஓட்டி, டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு மலை ஏறாதீர்கள்.